கேட்டம்மாவின் ஜெபத்தில் வராத பெயர்

மாமியாரின் அடக்கம் முடிந்து வீடு திரும்பி, வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துவிட்டு மருமகள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் சமையலறை வாசலில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னதும், கையிலிருந்தது நழுவி சிங்குக்குள் விழுந்தது. நல்லவேளை, ஸ்டீல் டம்ளர்.

"ஞாயித்துக்கிழமை நினைவு ஆராதனையில அம்மாவோட வாழ்க்கையைப் பத்தி நீங்கதாம்மா பேசணும்."

"நானா? பெத்த மக இருக்காங்க, மகன் இருக்காரு. என்னை எதுக்கு ஐயா இழுக்கிறீங்க?"

"நான் இழுக்கலம்மா. அம்மாதான் படுக்கையில விழறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. என் கதையை என் மருமகதான் சொல்லணும், வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னாங்க."

"ஏன்னு சொன்னாங்களா?"

"சொல்லல. நானும் கேக்கல. உங்க அத்தைகிட்ட ஏன்னு கேட்டா, கேட்டவன் மேலதான் சந்தேகம் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

இதில் என்னவோ இருக்கிறது என்று அப்போதே அவள் முடிவு கட்டிவிட்டாள். தொண்ணூறைத் தொட்ட மாமியார், போகிற போக்கில் தனக்கு ஆப்பு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ஊரைக் கூட்டி மைக்கைக் கையில் கொடுத்தால், இவளே தன் வாயால் பழைய கதையை உளறிக் கொட்டுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ! அந்தப் பழைய கதை அவள் நெஞ்சில் முள்ளாக இருந்தது. அத்தை என்னைத் திருடி என்று நினைத்தே செத்துப்போனாரா, இல்லையா? அவளுக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். சொல்ல வேண்டியவரைப் பெட்டியில் வைத்து மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்தாயிற்று.

கதை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முதலில் மாமியாருடைய வேலையைச் சொல்ல வேண்டும்.

மாமியாரைக் கேட்டம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். துணி தைக்கிற பெரிய கம்பெனி ஒன்றின் வாசல் கேட்டில், வேலை முடிந்து வெளியே போகிற பெண்களைச் சோதனை போடுவது அவர் வேலை. பையைத் திறந்து பார்க்க வேண்டும், இடுப்பைச் சுற்றிக் கையால் தடவிப் பார்க்க வேண்டும், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கச் சொல்ல வேண்டும். கொத்தனாராக இருந்த புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கும் மகனுக்கும் விவரம் தெரியாத வயது. சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிற பொம்பளை, பொய் சொல்ல மாட்டாள் என்று மேனேஜர் இந்த வேலையைக் கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் கேட்டம்மா அழுதுகொண்டே பழைய பாஸ்டரிடம் போனாராம். "ஐயா, நாள் பூரா மத்தவங்களைத் திருடின்னு நினைச்சே ஆகணும், இதுதான் சம்பளத்துக்கு வேலை. இது பாவம் இல்லையா?" அந்தப் பாஸ்டர் விவரமானவர். "தொட்டுப் பாத்துட்டு அனுப்பும்போது ஒரு ஆசீர்வாதத்தையும் சொல்லி அனுப்பும்மா, சரியாப் போயிடும்" என்றாராம்.

அன்றிலிருந்து கேட்டம்மா அப்படித்தான் செய்தார். பையைக் கிளறுவார், இடுப்பைத் தடவுவார், காலணியைக் கழற்றச் சொல்வார், பிறகு தோளைத் தொட்டு "கர்த்தர் கூட இருப்பாரு, போ" என்பார். அந்தம்மா ஒரு கையால் மானத்தை வாங்கி, இன்னொரு கையால் ஆசீர்வாதம் தருது என்று பெண்கள் வரிசையில் நின்று முணுமுணுப்பார்கள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, யாருக்காவது பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் மறுநாள் கேட்டில் மறக்காமல் விசாரிப்பதும் அவர்தான். அரை மணி நேரம் கேட்டுக்கே பக்கத்தில் நிறுத்திவைத்து ஜெபம் பண்ணுவதும் அவர்தான். பஸ் போய்விடும். அதற்கும் அவரையே திட்டுவார்கள்.

மருமகள் அந்தக் கம்பெனியில் தையல்காரியாகச் சேர்ந்தவள். சேர்ந்த புதிது. ஒரு நாள் சாயங்காலம் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பையைத் திறந்து காட்டினாள். டப்பாவுக்கு அடியில் கேட்டம்மாவின் கை நின்றது. வெளியே வந்தபோது அந்தக் கையில் ஒரு குழந்தைக் கவுன் இருந்தது. வெள்ளைக் கவுன், முத்துப் பொத்தான் வைத்தது. வெளிநாட்டு ஆர்டர்.

இவள் ஆடிப்போய்விட்டாள். "அம்மா, நான் எடுக்கல..." என்று வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கேட்டம்மா இவள் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கவுனை மேஜைக்குக் கீழே போட்டார், பையை மூடிக் கையில் கொடுத்தார். "கர்த்தர் கூட இருப்பாரு, போ." அவ்வளவுதான். மேலே புகார் போகவில்லை, விசாரணை இல்லை. ஆனால் பின்னால் நின்ற அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். மறுநாள் கம்பெனி முழுக்க ஒரே பேச்சு. கேட்டம்மா பாவம் பார்த்து விட்டுவிட்டாராம்!

பாவம் பார்த்தாராமே, பாவம்! குற்றம் செய்யாதவளுக்கு மன்னிப்பு எதற்கு? அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் அது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த கேட்டம்மாவின் மகனுக்கு இவள் மேல் ஆசை வந்தது, இவளுக்கும் வந்தது. விஷயம் தெரிந்தால் கேட்டம்மா கம்பெனியையே இரண்டாக்கிவிடுவார் என்று இவள் பயந்துகொண்டிருக்க, அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "எனக்குச் சம்மதம்" என்றார். ஒரே வார்த்தையில் சம்மதிக்கிற மாமியாரை யாராவது கேள்விப்பட்டதுண்டா? கல்யாணமாகி மறுநாளே பீரோ சாவியையும் கையில் கொடுத்துவிட்டார். நம்பிக் கொடுத்தாரா, சோதித்துப் பார்க்கக் கொடுத்தாரா? மருமகள் அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டு பீரோ முன்னால் நின்றாளே தவிர, திறக்கவில்லை. யாராவது கூட இருக்கும்போது மட்டுமே அதைத் திறப்பது என்று வைத்துக்கொண்டாள். கடைக்குப் போய் வந்தால், யாரும் கேட்காமலே பையை மேஜை மேல் கொட்டிக் காட்டிவிடுவாள். மாமியார் அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்த்தாயா, பார்த்தாயா என்று இவள் மனசு கொதிக்கும்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள். அந்தச் சாயங்கால ஜெபத்தைத்தான் தாங்க முடியவில்லை.

விளக்கு போட்டதும் குடும்பமே முன் அறையில் முழங்கால் போட வேண்டும். கண்ணை மூடியதும் கேட்டம்மா ஆண்டவரிடம் பேச ஆரம்பிப்பார். பேச்சு என்றால் சாதாரணப் பேச்சா? அன்றைய சோதனை முழுவதும் அங்கே நடக்கும்.

"ஆண்டவரே, என் மக நேத்து போன்ல மூக்கை உறிஞ்சினா. கேட்டா சளிங்கிறா. அது சளியா, மாப்பிள்ளையான்னு உமக்குத் தெரியும். என் மகன் சிகரெட்டை விட்டுட்டேன்னு சொல்றான். அப்புறம் எதுக்கு வேனுக்குள்ள சென்ட் அடிச்சு வெச்சிருக்கான்னு நீரே கேளும். என் பேத்தி பரீட்சை நல்லா எழுதினேங்கிறா. நல்லா எழுதினவ எதுக்கு ரெண்டு நாளா கேக்காமலே எனக்குக் காலை அமுக்கி விடறா? பால்காரன் மனசைத் தொட்டருளும். பாலைத் தொட்டுப் பாத்தேன், தண்ணியாத்தான் இருக்கு."

பேர் வந்தவர்கள் கண்ணை மூடியபடியே நெளிவார்கள். பேத்தி ஒரு கண்ணைத் திறந்து தன் அம்மாவான மருமகளைப் பார்ப்பாள். ஆனால் ஒருத்தி பேர் மட்டும் அந்த ஜெபத்தில் வந்ததே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், கம்பெனி மேனேஜர் வந்தார், பால்காரனின் மாடுகூட வந்தது. மருமகள் வரவில்லை. தினமும் முழங்கால் வலிக்க வலிக்கக் காத்திருப்பாள். ஆமென் என்று முடிந்துவிடும். ஆண்டவர் காதில் போடக்கூட லாயக்கில்லாதவளா நான் என்று சமையலறைக்குள் போய் அழுவாள். வந்து ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, "அந்தக் கவுனை நீ ஏன் எடுத்தே?" என்று பதில் வந்துவிட்டால்?

அதனால்தான் பாஸ்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாத்தனாரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அண்ணி, நிஜத்தைச் சொல்லுங்க. என்னைப் பேசச் சொல்லி ஏத்தி விட்டது நீங்கதானே?"

"நானா? அம்மா என்கிட்ட சொல்லியிருந்தா நானே வேணாம்னிருப்பேன். எனக்குத்தான் பேச ஆசை."

"அப்புறம் எதுக்கு என்னை? ஜெபத்துல ஒரு நாள்கூட என் பேரைச் சொல்லாத மனுஷி..."

நாத்தனார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அடிப்பாவி, நீ அதுக்கா வருத்தப்பட்டே? ஒரு நாளாவது என் பேரு வராம போகாதான்னு நான் ஏங்கியிருக்கேன்டீ! யார் மேல சந்தேகமோ அவங்க பேருதானே அம்மா வாய்ல வரும்? உன்னைப் பாத்து எனக்கும் தம்பிக்கும் எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?"

கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இவள் நம்பினாளா? சாவு நடந்த வீட்டில் எல்லோரும் இனிக்க இனிக்கத்தான் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மேடையில் இவள் ஏடாகூடமாக எதையும் பேசிவிடக் கூடாதே என்று அண்ணி இப்போதே ஐஸ் வைக்கிறார். இவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் காஜாக்காரி வந்தாள். கம்பெனியில் காஜா எடுக்கிற மெஷினில், பொத்தானுக்கு ஓட்டை போடுகிற வேலையில், இருந்தவள். அந்தக் காலத்தில் இவளுக்குப் பக்கத்து இருக்கை. துக்கம் கேட்க வந்தவள் துக்கம் கேட்டாள், கண்ணைத் துடைத்தாள், ஆனால் கிளம்பவில்லை. மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. காபி வேண்டாம் என்றாள், தண்ணீர் வேண்டாம் என்றாள். மருமகளுக்குச் சந்தேகம் தட்டியது. இவளுக்கு இங்கே என்ன வேலை? கடைசியில் காஜாக்காரி சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"நாளைக்கு நீதான் பேசறியாமே?"

"ஆமா. அதுக்கு?"

"அந்தக் கவுன் விஷயத்தைச் சொல்லப் போறியா?"

"உனக்கு எதுக்கு அது?"

"அதை உன் பையில வெச்சது நான்தான்" என்றாள் காஜாக்காரி.

எதற்கு என்று கேட்காதே, அழகாக இருந்தது, எடுத்துவிட்டேன் என்றாள். புதிதாகச் சேர்ந்தவளை அவ்வளவாகச் சோதிக்க மாட்டார்கள் என்று நினைத்து இவள் பையில் போட்டாளாம், பஸ்ஸில் ஏறியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று. "உன் பையிலேருந்து கவுன் வெளியே வந்துச்சு பாரு, அப்போ கேட்டம்மா உன்னைப் பாக்கவே இல்ல. உனக்குப் பின்னாடி வரிசையில நின்ன எங்க மூஞ்சியைத்தான் ஒண்ணொண்ணாப் பாத்தாங்க. ஒரு பொருள் கிடைச்சா பையை நீட்டினவளைப் பாக்க மாட்டாங்க, எவ மூஞ்சி செத்துப்போகுதுன்னுதான் பாப்பாங்க. அவங்க வழக்கமே அதுதான். என் மூஞ்சி செத்துப்போச்சு. மறுநாள் காலையில கேட் ரூமுக்குள்ள கூப்பிட்டாங்க. நான் அழுதேன். ஆண்டவர் முன்னாடி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் வேலையை விடற வரைக்கும் என்னை நிறுத்தி நிறுத்தி ஜெபம் பண்ணிக் கொன்னுட்டாங்க, அது வேற."

"எனக்குக்கூடவா சொல்லக் கூடாது?" என்றாள் மருமகள். "ஒரே வீட்ல, ஒரே அடுப்புல, இத்தனை வருஷம்..."

"நீ அவங்க மருமகளா ஆனதும் நானே போய்ச் சொன்னேன், அவகிட்ட மட்டும் சொல்லிடுங்கம்மான்னு. அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? 'அவ எடுக்கலைன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?'ன்னாங்க."

மருமகள் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். வந்தது கோபம். அட கிழவி! ஊரெல்லாம் துருவித் துருவிச் சந்தேகப்படத் தெரிந்த உனக்கு, வீட்டுக்குள் ஒருத்தி தினமும் பையைக் கொட்டிக் காட்டுகிறாளே, எதற்கு என்று ஒரு நாள் சந்தேகம் வரவில்லையா? நம்பினால் நம்பினேன் என்று சொன்னால் வாய் வலித்துவிடுமா? அப்புறம்தான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, அடக்கத்தில் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. காஜாக்காரி பயந்துபோய்க் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. பாதிப் பேர் கேட்டம்மாவின் கையால் சோதனை செய்யப்பட்டவர்கள். மருமகள் மைக் முன்னால் நின்றாள். கொத்தனார் புருஷனைச் சொன்னாள், முதல் நாள் அழுகையைச் சொன்னாள், பஸ்ஸைத் தவறவிட்ட ஜெபங்களைச் சொன்னாள். அடக்க முடியாமல் சிரித்தார்கள். ஜெபத்தில் யார் யார் பேர் எப்படி வந்தது என்று அத்தையின் குரலிலேயே சொல்லிக் காட்டியபோது பாஸ்டரே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவர் பேரும் வந்திருக்கிறதே!

"என் பேரு வராது" என்றாள். சிரிப்பு அடங்கியது. "இங்க இருக்கிற நிறையப் பேருக்குத் தெரியும், கம்பெனியில ஒரு நாள் என் பையிலேருந்து ஒரு கவுனை எடுத்தாங்க. நான் அதை எடுக்கல. அத்தைக்கு அது அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் அவங்களுக்குத் தெரியும்னு தெரியல. நான் திருடின்னு நினைக்கிறாங்கன்னு நினைச்சு, நான்தான் அவங்களைச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்திருக்கேன். யார் வெச்சாங்கன்னு அத்தை யார்கிட்டயும் சொல்லல. நானும் சொல்ல மாட்டேன்."

காஜாக்காரி எந்தப் பெஞ்சில் இருக்கிறாள் என்று தெரியும். அந்தப் பக்கம் மட்டும் கண் போய்விடக் கூடாது. போனால் இத்தனை பேரில் ஒருத்தராவது அந்த முகத்தைப் பிடித்துவிடுவார். பின் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சையே பார்த்துக்கொண்டு பேசி முடித்தாள். இறங்கி வந்ததும் கம்பெனிக்காரிகள் ஒவ்வொருத்தியாக வந்து கையைப் பிடித்தார்கள். ஒருத்தி, "நாங்களும் அப்படித்தான் பேசினோம், மனசுல வெச்சுக்காதே" என்றாள். நாத்தனார் கட்டிக்கொண்டு அழுதார். மனசு லேசாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டு மருமகளாக வெளியே வந்தாள்.

வேனில் அவளும் புருஷனும் மட்டும். மகளை நாத்தனார் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். புருஷன் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நல்லாப் பேசினே" என்றார்.

"ம்."

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அப்போ... அந்தக் கவுனை நீ எடுக்கலையா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

"அன்னைக்கு நான் வேன்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார். "பாவம், வீட்ல என்ன கஷ்டமோ, எடுத்துட்டான்னு நினைச்சேன். அதுக்கப்புறம்தான் உன்னைப் பத்தியே நினைக்க ஆரம்பிச்சேன். எடுத்திருந்தா என்ன, பரவால்லன்னுதானே கட்டிக்கிட்டேன்."

அவளுக்கு அவரை அடிக்கத் தோன்றியது, அவர் தோளில் சாய்ந்து அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. "இத்தனை வருஷமா ஒரு திருடி கூடவா குடும்பம் நடத்துனீங்க? எடுத்தியான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்கிட்ட கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

"நீ மட்டும் அம்மாகிட்ட கேட்டியா?" என்றார் அவர்.

சர்ச் வாசலில் ஆட்கள் இன்னும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டியை எடுங்க" என்றாள்.